விரும்பித்தான் போனார்களா?

நடுவர் அவர்களே! ‘இலங்கை அகதிகளை 1992இல் யாரும் விரட்டவில்லை, விரும்பிக் கையெழுத்துப் போட்டுத்தான் போனார்கள்’ என்றார் எதிரணி நண்பர்.

ராஜீவ் காந்தி கொல்லப்பட்டது 1991 மே மாதம். அதன்பின் முகாம்களில் ஒரே கெடுபிடி. வேலூர்க் கோட்டையில் ‘சிறப்பு முகாம்’ வேறு. பேருதாங்க முகாம்; உள்ளே போனவர் நினைத்தபடி வெளியே வர முடியாது. சிவகாசிக்காரங்களே, காலடியில சரவெடியைப் பத்த வச்சிட்டு, ‘நிக்கிறதும் போறதும் உன் விருப்பம்’னா எவன் நிப்பான்?

அனுப்ப ஆரம்பித்தது ஜனவரியில். விருப்பத்தை விசாரிக்க ஐ.நா. அகதிகள் ஆணையத்தை அனுமதித்தது வருஷம் பாதி போன பிறகு! தாலி கட்டிட்டுச் சம்மதம் கேட்ட கதை.

போகாதவங்க? விருதுநகர் பக்கம் குல்லூர்சந்தை முகாமைப் பாருங்க. இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளும் அகதிகள்தான். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை இல்லை.