வர்க்கமூலத்தைத் தட்டிக் கழிச்ச கதை

3டி பிரிண்டர்ல ஒரு பொம்மை பாதி வரைக்கும் ஒழுங்கா வந்துட்டு, அதுக்கு மேல எல்லா அடுக்கும் ஒரு பக்கமா தள்ளிப்போய் நிக்கிறதைப் பார்த்திருக்கீங்களா? பிரிண்டருக்கு அது தெரியவே தெரியாது. அதைப் பொறுத்தவரை எல்லாம் சரியான இடத்துலதான் இருக்கு.

உள்ளே இருக்கிறது ஸ்டெப்பர் மோட்டார். ஒரு மின்துடிப்பு கொடுத்தா ஒரு ஸ்டெப் நகரும். வழக்கமான மோட்டார்ல 200 ஸ்டெப் சேர்ந்தா ஒரு முழுச் சுற்று. 'நகர்ந்துட்டேன்'னு அது பதில் சொல்லாது. அனுப்பின துடிப்பை எண்ணித்தான் இடத்தைக் கணக்கு வைக்கிறோம். நிக்கிற மோட்டாருக்கு எடுத்த எடுப்புல வேகமா துடிப்பு அனுப்பினா ரோட்டரால ஈடுகொடுக்க முடியாது, ஸ்டெப் தவறிடும். அதனால மெதுவா கிளம்பி, வேகம் பிடிச்சு, மறுபடி மெதுவாகி நிக்கணும். வேகத்தை வரைஞ்சு பார்த்தா ஒரு சரிவகம்.

இது பிளஸ் ஒன் இயற்பியல்தானே? ஆமா. ஆனா சீரான முடுக்கத்துல, ஒரு ஸ்டெப்பை எட்டுற நேரம் அந்த ஸ்டெப் எண்ணோட வர்க்கமூலத்தைப் பொறுத்தது. முதல் ஸ்டெப்புக்கு 100 மில்லிசெகண்டுன்னா, அடுத்ததுக்கு 41.4, அதுக்கடுத்ததுக்கு 31.8. ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் ஒரு வர்க்கமூலம், அதுவும் அடுத்த துடிப்புக்கு முன்னாடி! சின்ன 8 பிட் சிப்புக்கு இது பெரிய சுமை. அதனால இடைவெளிகளை முன்கூட்டியே கணக்குப் போட்டு, அட்டவணையா மெமரியில வைக்கிறது ஒரு வழி. முடுக்கத்தை மாத்தினா அட்டவணையையும் மாத்தணும்.

கஷ்டமான கணக்கைத் தட்டிக் கழிக்கிற இந்தக் கலைக்கு ஒரு மூத்தவர் உண்டு. 1962ல ஐபிஎம்மோட சான் ஹொசே ஆய்வகத்துல ஜாக் பிரெசன்ஹாம், பிளாட்டர் பேனா சாய்கோடு போட வெறும் கூட்டல் கழித்தலே போதும்னு காட்டினார். ஆனா அவர் கணக்கு எந்தப் பக்கம் ஸ்டெப் வைக்கணும்னு சொல்லும். எப்போ வைக்கணும்னு சொல்லாது.

அந்த 'எப்போ'வுக்கு ஒரு நல்ல விடை 2005ல எம்பெடட் சிஸ்டம்ஸ் புரோகிராமிங் இதழ்ல வந்துச்சு. எழுதினவர் டேவிட் ஆஸ்டின். அட்டவணையே வேணாம்னார். ஸ்டெப் எண்ணை நாலால பெருக்கி ஒண்ணு கூட்டுங்க. முந்தின இடைவெளியோட இரண்டு மடங்கை அதால வகுங்க. வர்ற விடையை முந்தின இடைவெளியில இருந்து கழிங்க. அவ்வளவுதான், அடுத்த இடைவெளி ரெடி. முடுக்கத்தைத் தீர்மானிக்கும்போது மட்டும் ஒரே ஒரு வர்க்கமூலம்.

இது தோராயம்தான். முதல் கணக்குலயே உதைக்கும்: 41.4 வரவேண்டிய இடத்துல 60 வரும். ஆஸ்டின் செஞ்ச தந்திரம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. சூத்திரத்தைத் தொடவே இல்லை. முதல் இடைவெளியை 0.676 ஆல பெருக்கச் சொன்னார். இப்போ 67.6ல ஆரம்பிங்க: அடுத்தது 40.6, அதுக்கடுத்தது 31.5. முதல் ஸ்டெப்புல மட்டும் கொஞ்சம் அவசரம், அப்புறம் உண்மைக்கு ஒட்டியே ஓடுது. கணித வாத்தியார் பார்த்தா முகம் சுளிப்பார். மோட்டாருக்கு ஒரு பிரச்சினையும் இல்லை.

2006ல அட்மெல் நிறுவனம் தன்னோட ஏவிஆர் சிப்புகளுக்கு இதே வழியை ஒரு செயல்குறிப்பா வெளியிட்டது. பிறகு மைக் மெக்காலே எழுதின ஆக்செல்ஸ்டெப்பர் லைப்ரரி மூலமா ஆர்டுயினோ வச்சிருக்கிற எல்லார் கைக்கும் வந்துடுச்சு. அதோட சோர்ஸ் கோடைத் திறந்து முடுக்கத்தை அமைக்கிற ஃபங்ஷனைப் பாருங்க. அந்த 0.676 அப்படியே இருக்கும், பக்கத்துல 'சமன்பாடு 15'னு ஒரு கமெண்ட்டோட.