மூடாத வால்வு

ஈப்போவில் அத்தை வீட்டு ஐஸ் பெட்டியின் மேல் ஒரு பழைய மைலோ டின் இருக்கும். உள்ளே இனிப்பு நீருக்கான கிளிபென்கிளமைட் மாத்திரைகள். “இதெல்லாம் வயசானவங்க மாத்திரைப்பா” என்பார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பிறந்து சில வாரங்களே ஆன குழந்தைகளுக்கும் இதே மாத்திரையைக் கொடுக்கிறார்கள் என்று படித்தபோது நம்ப முடியவில்லை. தேடிப் போனேன். கதை ஒரு போர்க்கால மருத்துவமனையில் தொடங்குகிறது.

1942, பிரான்சின் மோன்பெலியே நகரம். டைபாய்டு நோயாளிகளுக்கு மார்செல் ஜான்போன் ஒரு புதிய சல்ஃபா மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். சிலருக்கு ரத்தச் சர்க்கரை படுமோசமாக இறங்கியது. வலிப்பு வந்தது, உயிர்களும் போயின. அதே ஊர் ஆய்வாளர் ஒகுஸ்த் லூபாத்தியே இதை நாய்களிடம் சோதித்தார். கணையத்தை அகற்றிய நாயிடம் மருந்து பலிக்கவில்லை. அப்படியானால் மருந்து கணையத்தைத்தான் தூண்டுகிறது! 1950களில் இந்த வகை மாத்திரைகள், அதாவது சல்ஃபோனைல்யூரியாக்கள், சந்தைக்கு வந்தன. கணையத்துக்குள் அவை எதைத் தொடுகின்றன என்பது மட்டும் புரியவில்லை.

விடை 1984இல் துலங்கத் தொடங்கியது. இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்லின் சவ்வில் பொட்டாசியம் வெளியேறும் ஒரு நுண்ணிய வழி உண்டு, குளுக்கோஸ் வந்தால் அது மூடிக்கொள்கிறது என்று ஆக்ஸ்ஃபோர்டின் ஃபிரான்சஸ் ஆஷ்கிராஃப்ட் காட்டினார். என்னைப்போல் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவனுக்கு இது ஒரு வால்வு. அது மூடினால்தான் செல்லின் மின்னழுத்தம் மாறும், கால்சியம் உள்ளே வரும், இன்சுலின் வெளியே போகும். சல்ஃபோனைல்யூரியா மூடுவதும் இதே வால்வைத்தான் என்பது மறுவருடமே தெரிந்துவிட்டது.

இனி குழந்தைகளுக்கு வருவோம். லட்சம் பிறப்புகளில் ஒன்று என்ற அளவில், முதல் ஆறு மாதங்களுக்குள்ளேயே சில குழந்தைகளுக்கு நீரிழிவு வருகிறது. நீண்ட காலம் இதற்கும் ‘முதல் வகை’ என்றே பெயரிட்டு, ஆயுள் முழுக்க இன்சுலின் ஊசி எழுதிக் கொடுத்தார்கள். ஆனால் முதல் வகையில் உடலின் எதிர்ப்புசக்தியே பீட்டா செல்களை அழிக்கிறது. அத்தனை சின்ன வயதில் அப்படி நடப்பது மிக அரிது. 2004இல் எக்ஸ்டர் நகரின் ஆண்ட்ரூ ஹாட்டர்ஸ்லி, அன்னா கிளாய்ன் குழுவினர் இப்படிப்பட்ட 29 பேரின் மரபணுவைப் பார்த்தார்கள். 10 பேருக்கு அந்த வால்வை உருவாக்கும் மரபணுவில் பிழை இருந்தது. செல் சாகவில்லை, இன்சுலினும் தீரவில்லை. வால்வு மூடவில்லை, அவ்வளவுதான்.

குளுக்கோஸால் மூட முடியாததை மாத்திரை மூடுமா? 2006இல் முடிவு வெளியானது. முயன்ற 49 பேரில் 44 பேர் ஊசியை நிறுத்தினார்கள். பத்து வருடம் கழித்து 81 பேரைப் பின்தொடர்ந்த இன்னொரு ஆய்வில் 75 பேர் மாத்திரையை மட்டுமே நம்பி இருந்தார்கள்.

இது எல்லாக் குழந்தைக்குமான மருந்து அல்ல. உண்மையான முதல் வகைக்கு இன்சுலின்தான் உயிர், அதை நிறுத்தினால் ஆபத்து. மரபணுச் சோதனைதான் இரண்டையும் பிரித்துச் சொல்லும். முதல் ஒன்பது மாதங்களில் நீரிழிவு கண்டறியப்பட்டிருந்தால், எந்த நாட்டிலிருந்து ரத்த மாதிரி அனுப்பினாலும் எக்ஸ்டரில் இலவசமாகச் சோதிக்கிறார்கள்.

என்னை உறுத்துவது இடைப்பட்ட அந்த அரை நூற்றாண்டு. மருந்து அத்தைகளின் மைலோ டின்களில் இருந்தது, குழந்தைகள் ஊசியோடு வளர்ந்தார்கள். நோய்க்கு ஒரு பெயர் வைத்தாகிவிட்டது, அதற்கு மேல் யார் கேட்கப் போகிறார்கள்? இன்றும் எங்கோ ஒரு கிளினிக்கில், இருபத்தைந்து வயதில் ஒருவர் பழைய ஃபைலோடு காத்திருக்கலாம். முதல் பக்கத்தில் ‘முதல் வகை’ என்று எழுதியிருக்கும். அவரிடம் ஒன்றே ஒன்றைத்தான் கேட்க வேண்டும்: “உங்களுக்கு இது வந்தது எத்தனாவது மாசத்துல?”