கிணற்றுக்குக் கட்டு இருந்ததா?

பத்திரிகைத் தொழிலுக்கு நான் வந்து சேர்ந்த புதிதில், 1990களின் நடுப்பகுதியில், பிராந்திய நிருபர்கள் தொலைபேசியில் சொல்லும் செய்திகளைக் குறித்தெடுத்து எழுதுவதே கொழும்பு அலுவலகத்தில் எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை. ஒரு நாள் மாலை, இரண்டு வயதுக் குழந்தையொன்று வீட்டுக் கிணற்றில் வீழ்ந்து இறந்துவிட்டதாக ஒரு செய்தி வந்தது. நான்கு வரிகளில் எழுதி முடித்தேன். தாயார் சமையல் வேலையில் ஈடுபட்டிருந்தவேளை குழந்தை கிணற்றில் தவறி வீழ்ந்து பரிதாபமாக உயிரிழந்தது என்பதே அதன் சாரம்.

எங்கள் செய்தி ஆசிரியர் தாளை வாங்கிப் படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார்.

“தம்பி, கிணத்துக்குக் கட்டு இருந்ததோ எண்டு கேட்டனீரோ?”

“இல்லை ஐயா.”

“தாய் எங்க நிண்டவ எண்டு மட்டும் கேட்டிருக்கிறீர்.”

அச்சுக்குப் போகும் நேரம் நெருங்கிவிட்டதால் செய்தி நான் எழுதியவாறே வெளிவந்தது. அதன் பின்னர் அதே போன்ற எத்தனையோ செய்திகளை எழுதியிருக்கிறேன். எல்லாவற்றிலும் குழந்தை “தவறி” வீழ்ந்தது. எல்லாவற்றிலும் தாய் வேறு எங்கோ நின்றார்.

அந்த முதியவரின் கேள்வியை உலகின் வேறொரு மூலையில், அவருக்கு முன்னரே, சிலர் ஆராய்ச்சியாகவே செய்திருந்தார்கள் என்பதைப் பல ஆண்டுகளின் பின்னரே அறிந்துகொண்டேன். அவர்களுடைய ஊர் அவுஸ்திரேலியாவின் பிறிஸ்பேன். அவர்கள் கேட்டது கிணற்றைப் பற்றியல்ல, வீட்டு முற்றத்து நீச்சல் தடாகத்தைப் பற்றி.

வெப்பமான குயின்ஸ்லாந்து மாநிலத்தில் வீட்டுக்கு வீடு நீச்சல் தடாகம் பெருகியதோடு குழந்தைகளின் மரணமும் பெருகியது. ஜோன் பேர்ன் என்ற குழந்தை மருத்துவ நிபுணரும் ஜேம்ஸ் நிக்சன் என்ற ஆய்வாளரும் வேறொருவருடன் சேர்ந்து, ஐந்து ஆண்டுகளில் அப்பகுதியில் நன்னீரில் மூழ்கிய பிள்ளைகள் அனைவரையும் பற்றிய ஆய்வொன்றை 1976ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இறந்தவர்களை மட்டுமன்றி உயிர் தப்பியவர்களையும் அவர்கள் கணக்கில் எடுத்தார்கள். கெயான்ஸ் நகரை அண்டிய மல்கிரேவ் உள்ளூராட்சிப் பிரதேசத்தில் தடாகங்களுக்கு வேலி போடப்பட்ட பத்தாண்டு கால அனுபவத்தைப் பற்றி, பேர்ன் இணைந்து எழுதிய மற்றொரு கட்டுரை 1980இல் வந்தது. வேலியிட்ட தடாகங்கள் உயிர்களைக் காக்குமா என்பதே அதன் தலைப்பு. காக்கும் என்பதே அதன் விடை.

வேலி ஏன் தேவை என்பதை விளங்கிக்கொள்வதற்கு, ஒரு குழந்தை எவ்வாறு மூழ்குகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். சினிமாவில் காட்டுவதைப் போல அது கையை வீசிக் கூக்குரலிடுவதில்லை. வாய் நீருக்குள் இருக்கும்போது குரல் எழ வழியில்லை. ஒன்று முதல் நான்கு வயது வரையான குழந்தைக்கு உடலோடு ஒப்பிடுகையில் தலை பாரமானது. எட்டிப் பார்த்தால் தலைகுப்புற விழும். விழுந்தால் தானாக நிமிரும் பலம் அதற்கு இல்லை. ஆகவே சில அங்குல நீரே போதும். ஒரு நிமிடத்துக்குள் அது அடங்கிவிடலாம். சில நிமிடங்களில் மூளை பாதிக்கப்படும். அடுப்பில் இருக்கும் கறியைக் கிளறிவிட்டு வருவதற்கு எடுக்கும் நேரம் அவ்வளவுதான். “பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்” என்று சொல்வது எளிது. நாள் முழுவதும், ஒரு நிமிடமேனும் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்த மனிதர் எவரும் பிறக்கவில்லை.

நியூசிலாந்து 1987இல் நீச்சல் தடாக வேலிச் சட்டத்தை நிறைவேற்றியது. குயின்ஸ்லாந்தில் 1991இல் வேலி கட்டாயமாயிற்று. இவற்றுக்கு இடைப்பட்ட நியூ சவுத் வேல்ஸின் கதைதான் ஒரு பத்திரிகையாளனுக்குப் பாடமானது. அங்கு 1990இல் வந்த சட்டம், பழைய தடாகம் புதிய தடாகம் என்ற வேறுபாடின்றி எல்லாவற்றையும் வீட்டிலிருந்து வேலியால் பிரிக்கச் சொன்னது. வீட்டுச் சொந்தக்காரர்கள் கொதித்தெழுந்தனர். தம் காணிக்குள் அரசாங்கத்துக்கு என்ன வேலை என்றார்கள். அழகு கெடும், செலவு கூடும் என்றார்கள். பிள்ளையைப் பார்ப்பது பெற்றோரின் பொறுப்பு என்றார்கள். 1992இல் சட்டம் மாற்றி எழுதப்பட்டது. 1990 ஓகஸ்ட் மாதத்துக்கு முன்னர் கட்டப்பட்ட தடாகங்களுக்கு, வீட்டிலிருந்து தடாகத்துக்குச் செல்லும் கதவுகளும் யன்னல்களும் குழந்தைகளால் திறக்க முடியாதவையாக இருந்தால் போதும் என்று விதி தளர்ந்தது. வீட்டின் சுவரே நான்காவது பக்க வேலியாயிற்று.

இந்த நான்காவது பக்கத்தில்தான் முழு வரலாறும் தங்கியிருக்கிறது. தடாகத்தில் இறக்கும் சிறு குழந்தை பெரும்பாலும் வீதியால் வந்த குழந்தையல்ல. அந்த வீட்டுக் குழந்தை, அல்லது அங்கே விருந்துக்கு வந்தவர்களின் குழந்தை. அது சமையலறைக் கதவால் வெளியே வருகிறது. மூன்று பக்க வேலி அயலவரின் பிள்ளையைக் காக்கும், சொந்தப் பிள்ளையைக் காக்காது. பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த தொம்சன், ரிவாரா ஆகியோரின் மதிப்பாய்வு 1990களின் இறுதியில் இதனை உறுதிசெய்தது. நான்கு பக்கமும் வேலியிட்டு வீட்டிலிருந்து பிரிக்கப்பட்ட தடாகத்தில் குழந்தை மூழ்கும் ஆபத்து, மூன்று பக்க வேலியோடு ஒப்பிடுகையில் சுமார் 83 வீதம் குறைவு.

நல்ல வேலி என்பதற்கும் இலக்கணம் உண்டு. அவுஸ்திரேலிய விதிகளின்படி உயரம் குறைந்தது 1.2 மீற்றர், கம்பிகளுக்கிடையே 10 சென்ரிமீற்றருக்கு மேல் இடைவெளி கூடாது, கதவு தடாகத்துக்கு எதிர்ப்புறமாகத் திறந்து, விட்டவுடன் தானாக மூடித் தானாகப் பூட்டிக்கொள்ள வேண்டும், ஏறி மிதிக்கக்கூடிய கதிரையோ தொட்டியோ அருகில் இருக்கலாகாது. குயின்ஸ்லாந்தில் காலப்போக்கில் 11 வெவ்வேறு விதித்தொகுதிகள் சேர்ந்துவிட்டன. 2010 டிசம்பரில் அவை ஒன்றாக்கப்பட்டன. 2015 நவம்பர் இறுதிக்குள் எல்லாத் தடாகங்களும் அந்த ஒரே விதிக்கு வரவேண்டியிருந்தது.

பிரான்ஸ் வேறு வழியில் சென்றது. 2003 ஜனவரியில் நிறைவேறிய சட்டம் வேலி, எச்சரிக்கை மணி, மூடி, கூரைக்கூடு ஆகிய நான்கில் ஏதேனும் ஒன்றைத் தெரிவுசெய்யும் உரிமையை உரிமையாளருக்கு வழங்கியது. ஆனால் நீரில் வீழ்வதை உணர்ந்து ஒலிக்கும் மணி, பிள்ளை விழுந்த பின்னரே ஒலிக்கிறது. வேலி விழுவதற்கு முன்னரே தடுக்கிறது.

அமெரிக்காவில் நிகழ்ந்த ஒரு மரணத்தையும் இங்கு சொல்ல வேண்டும். முன்னாள் இராஜாங்கச் செயலாளர் ஜேம்ஸ் பேக்கரின் பேத்தி கிரேம், ஏழு வயது, நீந்தத் தெரிந்தவர். 2002இல் வெந்நீர்த் தொட்டியொன்றின் அடியிலிருந்த வடிகாலின் உறிஞ்சு விசையில் அகப்பட்டார். தாய் நீருக்குள் இறங்கி இழுத்தும் மீட்க முடியவில்லை. அத்தாயின் இடைவிடாத முயற்சியால் 2007இல் சிறுமியின் பெயரிலேயே சட்டம் பிறந்து, ஆபத்தற்ற வடிகால் மூடிகள் கட்டாயமாயின. பிள்ளைக்கு நீச்சல் தெரிந்திருந்தது. தாயும் அருகிலேயே இருந்தார். தவறு வடிகாலில் இருந்தது.

தடாகமே இல்லாத ஏழை நாடுகளுக்கு இந்த வரலாறு எதற்கு என்று கேட்கலாம். பங்களாதேஷின் கிராமங்களில் வீட்டைச் சுற்றிக் குளங்கள். எல்லாவற்றுக்கும் வேலியிட இயலாது. தாய்மார் வேலையில் மூழ்கியிருக்கும் முற்பகலிலேயே குழந்தைகள் அதிகம் இறக்கிறார்கள் என்பதை ஆய்வாளர்கள் கண்டனர். ஆகவே காலை 9 மணி முதல் பிற்பகல் 1 மணி வரை குழந்தைகளை வைத்துப் பார்க்கும் சிறு நிலையங்களைக் கிராமங்களிலேயே அமைத்தார்கள். அவற்றுக்கு இட்ட பெயர் “ஆஞ்சல்”. வங்காள மொழியில் சேலைத் தலைப்பு என்று பொருள். அங்கே வேலி என்பது இன்னொரு பெண்ணின் முந்தானை. அதே பங்களாதேஷும் அயர்லாந்தும் முன்னின்று கொண்டுவந்த தீர்மானத்தால் 2021இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஜூலை 25ஆம் திகதியை நீரில் மூழ்குதலைத் தடுக்கும் உலக தினமாக அறிவித்தது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2021இல் மூழ்கி இறந்தோர் சுமார் 3 இலட்சம் பேர். அவர்களில் ஏறத்தாழ நால்வருக்கு ஒருவர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை.

சில ஆண்டுகளுக்கு முன்னர் பிறிஸ்பேனில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தேன். தடாகத்தைச் சுற்றி விதிப்படி வேலி, தானாக மூடும் கதவு. மாமி தேநீர்த் தட்டோடு போய்வர வசதியாக, அந்தக் கதவுக்கு ஒரு பூந்தொட்டியை முண்டு கொடுத்திருந்தார். “இது பெரிய கரைச்சல் பிடிச்ச கதவு, தம்பி” என்றார். மூன்று வயதுப் பேத்தி முற்றத்தில் முச்சக்கர சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தாள். நான் ஒன்றும் பேசாமல் தொட்டியைத் தூக்கி அப்பால் வைத்தேன். கதவு தானாக மூடிப் பூட்டிக்கொண்டது. மாமிக்கு அன்று முழுவதும் என்னோடு முகம் கொடுக்க மனமில்லை.

புலம்பெயர்ந்த நாடுகளில் தடாகம் உள்ள வீடுகளில் வாழ்வோருக்கும், விடுமுறைக்கு ஊர் வந்து தடாகமுள்ள விடுதிகளில் தங்குவோருக்கும் சொல்ல விரும்புவது இதுதான். விருந்தில் எல்லோரும் பார்க்கிறார்கள் என்றால் எவருமே பார்க்கவில்லை என்று கொள்ளுங்கள். ஒருவரை, கையில் தொலைபேசி இல்லாமல், முறை வைத்து நிறுத்துங்கள். குளித்து முடிந்ததும் விளையாட்டுப் பொருட்களை நீரிலிருந்து எடுத்துவிடுங்கள். பிள்ளைக்கு நீச்சல் பழக்குங்கள், ஆயினும் அதனை வேலிக்குப் பதிலாகக் கருதாதீர்கள். நெஞ்சை அழுத்தி, வாய்வழி மூச்சுக் கொடுக்கும் முதலுதவியை வீட்டில் இருவராவது கற்றிருங்கள். பிள்ளையைக் காணவில்லை என்றால் முதலில் தண்ணீரைப் பாருங்கள்.

அந்தச் செய்தி ஆசிரியர் இன்று உயிரோடு இல்லை. நான் எழுதிய அந்த நான்கு வரிகளில் தாயின் பெயர் இருந்தது, ஊரின் பெயர் இருந்தது, அவர் சமைத்துக்கொண்டிருந்த விபரமும் இருந்தது. கிணற்றைப் பற்றி ஒரு சொல்லும் இருக்கவில்லை. அந்தக் கிணற்றுக்குக் கட்டு இருந்ததா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.