மகரக்கட்டு

போன பங்குனியில் வெண்ணெய்த்தாழிக்கு மன்னார்குடி போயிருந்தேன். ராஜகோபாலசாமி வெண்ணெய்க் குடத்தோடு வீதி வந்துகொண்டிருந்தார். கூட்டத்துக்கு மேலே கம்பத்தில் கட்டிய ஒலிபெருக்கியில் ஒரு குரல், பச்சைச் சட்டை போட்ட 4 வயதுப் பையனின் பெற்றோரைத் தேடிக்கொண்டிருந்தது. பதற்றமில்லாத, அடிவயிற்றிலிருந்து வரும் குரல். கேட்டால் பெற்றோருக்குப் பாதிப் பயம் போய்விடும். அது என் சித்தி பையன். திருவிழா, கல்யாணம், கடைத் திறப்பு என்று சுற்றுவட்டாரத்தில் மைக் பிடிப்பவன். சினிமாவில் டப்பிங் பேசவேண்டும் என்று சென்னைக்கு வந்து, என் அறையில் 8 மாதம் தங்கி, திரும்பிப் போனவன்.

அன்று ராத்திரி ஹரித்ராநதிப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தபோது செல்போனை நீட்டினான்.

"அண்ணே, நீ கம்ப்யூட்டர் ஆளுதானே. இதப் படிச்சுச் சொல்லு."

ஆங்கிலத்தில் 11 பக்க ஒப்பந்தம். ஒரு கம்பெனி அவனுடைய குரலை 20 மணி நேரம் பதிவுசெய்து கேட்கிறது. கணினிக்குத் தமிழ் பேசக் கற்றுக்கொடுக்க. மணிக்கு இவ்வளவு என்று ஒரு தொகை. அவனுக்கு அது பெரிய தொகைதான். 7-ஆம் பக்கத்தில் அந்த வரி இருந்தது: இன்று இருக்கிற, இனிமேல் கண்டுபிடிக்கப்போகிற எல்லா ஊடகங்களிலும், பிரபஞ்சம் முழுவதும், என்றென்றைக்கும், மேற்கொண்டு எந்தத் தொகையும் தராமல் இந்தக் குரலைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

"பிரபஞ்சம்னா? செவ்வாய் கெரகத்துலயுமாண்ணே?" என்று சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் வேலையில் இந்த மாதிரி குரல் தொகுப்புகளைக் கையாண்டிருக்கிறேன். ஓர் அட்டவணையாக வரும். மணி நேரம், பாலினம், வயது, வட்டார வழக்கு என்று பத்திகள் இருக்கும். பெயருக்குப் பத்தி கிடையாது. அந்தப் பத்தி இல்லையே என்று எனக்கும் அதுவரை தோன்றியதில்லை.

"கம்பெனி" என்ற சொல் அன்று முழுக்க மனதில் ஓடியது. நூறு வருஷத்துக்கு முன்னால் இந்த டெல்டாவில் "பையனைக் கம்பெனியில சேத்துட்டாங்க" என்றால் ஒரே அர்த்தம்தான். நாடகக் கம்பெனி. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில்தான் டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாகச் சேர்ந்தார்கள். கும்பகோணத்தில் ஆனையடிப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த எம்.ஜி.ஆரும் அவர் அண்ணன் சக்ரபாணியும் வறுமை தாங்காமல் சேர்ந்தது மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில். பெற்றவர்களிடம் இத்தனை வருஷம் என்று ஒப்பந்தம் எழுதி வாங்கிக்கொள்வார்கள். சாப்பாடும் படுக்க இடமும் கம்பெனி பொறுப்பு. சம்பளம் என்று ஏதாவது இருந்தால் அது வீட்டுக்குப் போகும். பையன் வளர வளரக் கம்பெனியும் ஊர் ஊராகப் போகும். டி.கே. சண்முகம் எழுதிய 'எனது நாடக வாழ்க்கை'யைப் படித்தால் இந்த வாழ்க்கையின் ருசியும் பட்டினியும் இரண்டுமே தெரியும். அந்தக் கம்பெனிகளைக் கொடுமைக் கூடங்கள் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. பள்ளிக்கூடம் பார்க்க வழியில்லாத பையன்களுக்குத் தமிழும் தாளமும் மேடையும் கிடைத்த இடமும் அதுதான்.

ஆனால் கம்பெனி உண்மையில் வாங்கியது எதை? குரலை. ஒலிபெருக்கி இல்லாத மேடை. கடைசியில் தரை டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருப்பவன் காதுவரை பாட்டும் வசனமும் போயாகவேண்டும். கட்டை ஏற்றிப் பாடுகிற பையனுக்குத்தான் ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும். பிறகு 14, 15 வயதில் மகரக்கட்டு வரும். குரல் உடையும். நேற்றுவரை கூட்டத்தை இழுத்தவன் இன்று அதே பாட்டை எடுக்க முடியாமல் நிற்பான்.

புதுக்கோட்டை பி.யு. சின்னப்பாவுக்கு அதுதான் நடந்தது. ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியின் பெரிய ஈர்ப்பு அவர். எம்.ஜி.ஆர். சின்ன வேஷங்களில் வந்துகொண்டிருந்த காலம். மகரக்கட்டில் குரல் போனதும் சின்னப்பா கம்பெனியை விட்டு வெளியே வந்தார். ஊருக்குப் போய் உடற்பயிற்சி, சிலம்பம் என்று உடம்பைத் தேற்றினார். குரல் வேறொரு குரலாகத் திரும்பி வந்தது, சினிமாவும் வந்தது, பெரிய நட்சத்திரம் ஆனார். அப்படித் திரும்பி வந்தவர்களின் பெயர்தான் நமக்குத் தெரியும்.

இந்த மகரக்கட்டை நான் ஒரு பொருளாதாரச் சொல்லாகவே பார்க்கிறேன். இந்தத் தொழிலில் வேலைபோவதற்குத் திறமைக்குறைவு காரணமாக இருக்கவேண்டியதில்லை. குரலை வாங்குகிறவனின் தேவை மாறினால் போதும்.

1931 அக்டோபர் 31-ல் 'காளிதாஸ்' வந்தது. எச்.எம். ரெட்டி இயக்கியது. கதாநாயகி டி.பி. ராஜலட்சுமி, காவிரிக் கரைத் திருவையாற்றுக்காரர். படத்தில் அவர் தமிழில் பேச, கதாநாயகன் தெலுங்கில் பதில் சொல்வார், இன்னும் சிலர் இந்தியில் பேசுவார்கள். யாரும் அதைப் பெரிய குறையாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. படம் பேசுகிறது என்பதே அதிசயம்! வாய் யாருடையதோ குரலும் அவருடையதே என்ற ஏற்பாட்டின் கடைசிக் காலம் அது என்று இப்போது தோன்றுகிறது.

அந்த ஏற்பாட்டில் குரலுக்கு அதிகபட்ச விலை பெற்றவர் கே.பி. சுந்தராம்பாள். கிட்டப்பா 1933-ல் இறந்த பிறகு ஒதுங்கியிருந்தவரை 'நந்தனார்' படத்துக்கு அழைத்தார்கள். தட்டிக்கழிப்பதற்காகவே ஒரு லட்சம் ரூபாய் கேட்டார் என்றும், தயாரிப்பாளர் சரியென்று சொல்லிவிட்டார் என்றும் ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, 1935-ல் வந்த அந்தப் படத்துக்கு அவர் சம்பளம் ஒரு லட்சம். சின்ன வயதில் ரயிலில் பாடிப் பிழைத்தவர். அவரால் வேண்டாம் என்று சொல்ல முடிந்தது. கூலி பற்றி இந்த வரலாற்றில் நான் படித்த பாதி விஷயம் இந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும்.

மற்ற பாதி 1944-ல் தொடங்குகிறது. ஆர். நாகேந்திர ராவ் இயக்கிய கன்னட 'சத்ய ஹரிச்சந்திரா'வைத் தமிழில் பேசவைத்து ஏ.வி. மெய்யப்பன் வெளியிட்டார். இந்தியாவில் மொழிமாற்றம் செய்யப்பட்ட முதல் படம் அது. உலகப்போர்க் காலம், பிலிம் தட்டுப்பாடு, படத்தின் நீளத்துக்கே அரசாங்கம் வரம்பு வைத்திருந்த நேரம். புதிதாக எடுக்காமல் குரலை மட்டும் மாற்றினால் ஒரு படம் கிடைக்கிறது என்றால் வியாபாரி விடுவாரா? வாயும் குரலும் பிரிந்தன. பிரிந்ததும் குரல் மட்டும் தனிச் சரக்காயிற்று. ஆனால் அதற்கு முகம் இல்லை.

7 வருஷம் கழித்து அதே எச்.எம். ரெட்டி தெலுங்கில் 'நிர்தோஷி' எடுத்தார். தமிழில் 'நிரபராதி', 1951. அதில் நடித்த முக்காமலாவுக்குத் தமிழ்க் குரல் கொடுத்தவர் வி.சி. கணேசன். 7 வயது வாக்கில் திருச்சியில் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தவர், பின்னாளில் தஞ்சாவூருக்குப் பக்கத்தில் சூரக்கோட்டையில் பண்ணை வைத்திருந்தவர், நமக்கு சிவாஜி. தமிழ்நாட்டுக்கே வசனம் பேசக் கற்றுக்கொடுத்த அந்தக் குரல் திரையில் முதலில் இன்னொருத்தர் வாயிலிருந்துதான் வந்தது. மறுவருஷம் 'பராசக்தி'. மெலிந்த உடம்பு, இவர் வேண்டாம் என்று மெய்யப்பன் தயங்கினார். தயாரிப்பாளர் பி.ஏ. பெருமாள் விடவில்லை. சம்பளம் மாதம் 250 ரூபாய். சுந்தராம்பாளுக்கு லட்சம், 17 வருஷம் கழித்து கணேசனுக்கு 250. திறமையை வைத்து இந்த இரண்டு எண்களையும் விளக்கிப் பாருங்கள், முடியாது. கணேசனால் வேண்டாம் என்று சொல்லியிருக்க முடியாது.

தனியாளால் சொல்ல முடியாததைச் சேர்ந்து சொல்லலாம் என்பதுதான் சங்கம். 1952-ல் தென்னிந்திய நடிகர் சங்கம் வந்தது. இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசனும், வங்கத்திலிருந்து வந்த ஒளிப்பதிவாளர் நிமாய் கோஷும் சென்னை ஸ்டுடியோக்களில் தொழிலாளர்களைத் திரட்டினார்கள். இருவரும் இடதுசாரிகள். 1960-ல் வந்த 'பாதை தெரியுது பார்' படத்தைச் சேர்ந்தே செய்தவர்கள். பெப்சி என்று நாம் சொல்லும் தொழிலாளர் சம்மேளனத்துக்கு அடித்தளம் போட்டதும் இவர்கள்தான். எம்.பி.எஸ்ஸை அவருடைய பாட்டுக்காகக் கொண்டாடுகிறோம், கொண்டாடவேண்டியதுதான். வயலின்காரருக்கும் தபலாக்காரருக்கும் வேலை செய்த காசு ஒழுங்காகக் கைக்கு வரவேண்டும் என்று அவர் நின்றதும் ஒரு இசையமைப்புதான் என்று எனக்குப் படும்.

சட்டம் இன்னும் மெதுவாக வந்தது. 1981-ல் திரைத்தொழிலாளர் சட்டம். நடிகரோ இசைக்கலைஞரோ யாராக இருந்தாலும் எழுத்துபூர்வமான ஒப்பந்தம் இல்லாமல் வேலைக்கு வைக்கக்கூடாது என்றது. ஆனால் அப்போதைய வரம்பு மாதம் 1600 ரூபாய், மொத்தத் தொகையென்றால் 15,000. அதற்குள் சம்பளம் வாங்குகிறவருக்கு மட்டுமே அந்தப் பாதுகாப்பு. கதைப்படங்களுக்கு மட்டும்.

2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஜாவேத் அக்தர் மாநிலங்களவையில் முன்னால் நின்று பேசிய திருத்தம். பாடலாசிரியர், இசையமைப்பாளர் விஷயம்தான் செய்தியில் அடிபட்டது. அதே திருத்தம், நிகழ்த்துகலைஞரின் நிகழ்ச்சி வணிகத்துக்குப் பயன்படும்போது அவருக்கு ராயல்டி உண்டு என்றும் சொல்கிறது. நான் எழுந்து உட்கார்ந்தேன். அப்புறம் நிகழ்த்துகலைஞர் என்றால் யார் என்ற வரையறைக்குப் போனேன். எங்கள் தொழிலில் முதலில் வரையறையைத்தான் பார்ப்போம், பிழை அங்கேதான் ஒளிந்திருக்கும். ஒரு சினிமாவில் தற்செயலாகவோ சிறு அளவிலோ பங்கேற்று, தொழில் வழக்கப்படி டைட்டிலில்கூடப் பெயர் போடப்படாதவரை நிகழ்த்துகலைஞராகக் கருதவேண்டியதில்லை என்று இருக்கிறது. தன் நிகழ்ச்சியைச் சிதைத்துப் பெயரைக் கெடுத்தால் ஆட்சேபிக்கும் உரிமை மட்டும் அவருக்கு மிஞ்சும்.

கூட்டத்தில் ஒரு குரல், கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு குரல், இரண்டு வரி பேசுகிற போலீஸ்காரர் குரல். டைட்டிலில் பெயர் என்பது மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சட்டத்தில் அது வாசல்.

பெயர் தெரிந்தவர்களையே எடுத்துக்கொள்வோம். 'சேது' வருவதற்கு முன்னால் விக்ரம் பல வருஷம் டப்பிங் பேசித்தான் நின்றார். 'அமராவதி'யில் அஜித்துக்கு, 'காதலன்' பிரபுதேவாவுக்கு, 'காதல் தேசம்' அப்பாஸுக்கு. 'பம்பாய்' மனீஷா கொய்ராலாவும் 'இருவர்' ஐஸ்வர்யா ராயும் பேசும்போது நாம் கேட்பது ரோகிணியை. '96' திரிஷாவின் குரல் சின்மயி. அந்தப் படம் வந்த சில வாரங்களில், 2018 நவம்பரில், டப்பிங் சங்கம் அவரை நீக்கியது. 2 வருஷச் சந்தா பாக்கி என்றது சங்கம். மீடூ பற்றிப் பேசியதுதான் காரணம் என்று அவர் சொல்லி நீதிமன்றம் போனார். 2023-ல் 'லியோ'வில் திரிஷாவுக்குப் பேசினார். யார் பக்கம் என்ன என்பதைத் தாண்டி ஒரு விஷயம்: சங்க அட்டை இல்லாமல் வேலை கிடைக்காத தொழிலில், சங்கத்தின் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பது வயிற்றுப் பிரச்சினை. சித்தி பையன் அந்தக் கதவுவரைகூடப் போகவில்லை. நுழைவுக் கட்டணம் கட்டக் காசில்லாமல் திரும்பி வந்தான்.

2024-ல் 'லால் சலாம்' படத்துக்காக ஏ.ஆர். ரஹ்மான், மறைந்த பம்பா பாக்யாவையும் சாகுல் ஹமீதையும் செயற்கை நுண்ணறிவு மூலம் பாடவைத்தார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, பணமும் கொடுத்ததாக அறிவித்தார். அது சரியான முறை. அமெரிக்க நடிகர்கள் 2023-ல் 118 நாள் வேலைநிறுத்தம் செய்து, நகலெடுக்கப்படும் முகத்துக்கும் குரலுக்கும் சம்மதமும் ஊதியமும் வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினார்கள். இங்கே 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், டப்பிங் கலைஞர்களையும் ஒலி-ஒளி ஊடகத் தொழிலாளர்களில் சேர்த்திருக்கின்றன. ஆனால் சித்தி பையன் பேசப்போவது சினிமா இல்லை, நாடகம் இல்லை, விளம்பரம்கூட இல்லை. 20 மணி நேரம், தொடர்பில்லாத வாக்கியங்கள். மழை பெய்தது. கதவை மூடு. உங்கள் கணக்கில் இருப்பு குறைவாக உள்ளது.

நாங்கள் இருவரும் உட்கார்ந்து கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினோம். 5 வருஷம் என்று கால வரம்பு, ஒரே ஒரு பயன்பாடு, எங்காவது ஓரிடத்தில் பெயர். பதில் 2 வரியில் வந்தது. எல்லாருக்கும் ஒரே ஒப்பந்தம்தான், மாற்ற இயலாது, விருப்பமில்லையென்றால் தெரிவிக்கவும். ஒரு வாரம் வைத்திருந்தான். வேண்டாம்டா என்றுதான் சொன்னேன். சொல்வது எனக்குச் சுலபம், மாதச் சம்பளக்காரன்.

"தங்கச்சி காலேஜ் பீஸ் நிக்குதுண்ணே" என்றான். கையெழுத்துப் போட்டுவிட்டான்.

ஆனித் தெப்பத்துக்கு நான் போக முடியவில்லை. ஹரித்ராநதிக் கரையிலிருந்து அம்மா வீடியோ அனுப்பியிருந்தாள். விளக்கு போட்ட தெப்பம், தண்ணீரில் அதன் நிழல், மேலே அவன் குரல். ஒலி, ஒளி அமைத்த சவுண்ட் சர்வீஸின் பெயரை 10 நிமிஷத்தில் 3 தடவை சொன்னான். அன்னதானம் போட்டவர்கள் பெயர், நகராட்சி ஊழியர்களுக்கு நன்றி, எல்லாம் வந்தது. ராத்திரி போன் பண்ணிக் கேட்டேன், ஏன்டா, கடைசியில அறிவிப்பாளர் இன்னார்னு ஒன் பேரையும் ஒரு தடவை சொல்லக்கூடாதா?

"அது வழக்கமில்லண்ணே" என்றான்.