நகலுக்கு வைத்த பூக்கள்

2010 டிசம்பரில் அமெரிக்க அஞ்சல் துறை, சுதந்திர தேவி சிலையின் முகத்தைப் போட்டு ஒரு தபால்தலை வெளியிட்டது. சில மாதங்கள் கழித்துத்தான் விஷயம் வெளியே வந்தது: படத்தில் இருப்பது நியூயார்க் துறைமுகத்துச் சிலையே இல்லை. லாஸ் வேகாஸில் ஒரு சூதாட்ட விடுதியின் வாசலில் நிற்கும் நகல். முடி வேறு மாதிரி, கண்கள் வேறு மாதிரி. தெரிந்த பிறகும் அஞ்சல் துறை அசரவில்லை. படம் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லி விற்பனையைத் தொடர்ந்தது.

அந்த விடுதியின் பெயர் 'நியூயார்க்-நியூயார்க்'. 1997 ஜனவரியில் திறந்தார்கள். வேகாஸ் ஊர் ஊராக நகலெடுத்துக்கொண்டிருந்த காலம் அது. 1993-ல் லக்ஸர் என்ற பெயரில் எகிப்தின் பிரமிடு வந்தது. 1999-ல் வெனிஸும் பாரிஸும் வந்துவிட்டன. நடுவில் வந்தது இந்த நியூயார்க். நீல் காஸ்கின், இலியா பெசான்ஸ்கி இருவரும் வடிவமைத்தார்கள். செலவு சுமார் 46 கோடி டாலர்.

ஒரு பொறியாளனாக எனக்குப் பிடித்தது இதன் தந்திரம். சாலையிலிருந்து பார்த்தால் எம்பயர் ஸ்டேட், கிரைஸ்லர் என்று தனித்தனிக் கோபுரங்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. உண்மையில் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிய ஒரே விடுதி. சுமார் 2,000 அறைகள். அசல் எம்பயர் ஸ்டேட்டுக்கு 102 மாடி, இங்கே 47. சுதந்திர தேவி அசலில் ஏறக்குறைய பாதி உயரம். கோபுரங்களைச் சுற்றி ஒரு ரோலர் கோஸ்டர் ஓடுகிறது. ஒரு நகரத்தில் மைல்கணக்கில் சிதறிக் கிடப்பதை ஒரே பார்வையில் அடக்கிவிட்டார்கள்.

"காப்பியடிச்சதுதானே, இதுல என்ன இருக்கு?" என்று கேட்கலாம். இதே கேள்வி நீதிமன்றத்துக்கும் போனது. வேகாஸ் சிலையைச் செய்த ராபர்ட் டேவிட்சன் 2013-ல் அமெரிக்க அரசின் மீது வழக்குத் தொடுத்தார். அந்த முகத்தை இன்னும் பெண்மையோடு, இந்தக் காலத்துக்கு ஏற்றபடி தான் மாற்றியதாகவும், மாமியாரின் புகைப்படத்தைப் பார்த்துச் செய்ததாகவும் சொன்னார். 2018-ல் தீர்ப்பு வந்தது. அந்த முகத்தில் சிற்பியின் சொந்தக் கற்பனை இருக்கிறது என்று ஏற்று, 35 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது நீதிமன்றம்.

எங்கள் தொழிலில் இதற்கு 'ஃபோர்க்' என்று ஒரு சொல் உண்டு. ஒரு மென்பொருளின் நிரலை அப்படியே எடுத்து, வேறு திசையில் வளர்த்தெடுப்பது. பிரிந்த நாள் வரைக்கும்தான் அது நகல். அதன்பிறகு அதற்கென்று ஒரு வரலாறு சேர ஆரம்பித்துவிடும்.

இந்த விடுதிக்கு அந்த வரலாறு, தபால்தலைக்கு ஒன்பது வருடம் முன்பே தொடங்கிவிட்டது என்று நினைக்கிறேன். இதன் கோபுர வரிசையில் உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்கள் ஆரம்பத்திலிருந்தே கிடையாது. 1997-ல் அது நகலில் இருந்த ஒரு குறை. 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு அசல் நகரத்திலும் அவை இல்லை.

அந்த நாட்களில் யாரும் அழைக்காமலே மக்கள் இந்தச் சூதாட்ட விடுதியின் வாசலுக்கு வந்தார்கள். வேலியோரம் பூக்கள், மெழுகுவர்த்திகள், கடிதங்கள் வைத்தார்கள். தீயணைப்பு வீரர்களும் காவலர்களும் தங்கள் துறையின் டி-ஷர்ட்டுகளை விட்டுப்போனார்கள். அசல் நியூயார்க் விமானத்தில் போனாலும் ஐந்து மணி நேரத் தொலைவு. துக்கத்தை எங்காவது இறக்கிவைக்க வேண்டும். பக்கத்தில் இருந்த நியூயார்க் இதுதான். சிமென்ட்டும் பெயின்ட்டும் என்று அவர்களுக்குத் தெரியாதா என்ன? தெரிந்துதான் வந்தார்கள்.

விளையாட்டுக்குக் கட்டிய வாசலில் சேர்ந்த அந்தப் பொருட்களை விடுதி குப்பையில் போடவில்லை. அவற்றில் பல, நெவாடா பல்கலைக்கழகத்தின் லாஸ் வேகாஸ் நூலகத்தில் ஆவணங்களாகப் பாதுகாக்கப்படுகின்றன. அந்தக் கடிதங்களில் எதுவும் நகல் இல்லை.