ஷாட்கன் மைக்: தூரத்துக் குரலைப் பக்கத்தில் இழுத்து வருமா?

இப்போது கைப்பேசியிலேயே 4கே தரத்தில் படம் எடுக்கலாம். அதனால் கிள்ளான் பள்ளத்தாக்கில் குறும்படம் எடுக்கும் இளைஞர்களுக்குப் படம் பெரிய தலைவலி இல்லை. தலைவலி ஒலியில்தான். நீளமான குழல் மாதிரி இருக்கும் ஒரு மைக்கை வாங்கி கேமரா மேல் மாட்டிவிட்டால், எதிரில் இருப்பவர் பேசுவது மட்டும் தெளிவாக வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். எடிட்டிங்கில் உட்காரும்போதுதான் தெரிகிறது: வசனத்தைவிட லாரிச் சத்தம் அதிகம்.

படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் பார்வையாளர் பொறுத்துக்கொள்வார். வசனம் புரியவில்லை என்றால் அடுத்த காணொளிக்குப் போய்விடுவார். ஷாட்கன் மைக் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று பார்ப்போம்.

ஷாட்கன் மைக் என்றால் என்ன?

துப்பாக்கிக் குழலைப் போன்ற தோற்றத்தால் வந்த பெயர் இது. முன்பக்கமிருந்து வரும் ஒலியை முழுமையாக வாங்கி, பக்கவாட்டிலிருந்து வருவதைக் குறைத்து வாங்கும் ஒலிவாங்கி. சினிமா, தொலைக்காட்சிச் செய்தி, விளையாட்டு ஒளிபரப்பு என எல்லா இடத்திலும் இதைப் பார்க்கலாம். பஞ்சு போன்ற உறை போட்டு, நீண்ட கம்பின் நுனியில் ஒருவர் தூக்கிப் பிடித்திருப்பாரே, அந்த உறைக்குள் பெரும்பாலும் இருப்பது இதுதான். அந்தக் கம்பின் பெயர் பூம்.

இந்தத் துறையில் அதிகம் பேசப்படும் மாடல் ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனத்தின் எம்கேஎச் 416. நீளம் 25 சென்டிமீட்டர், எடை 165 கிராம். அதே நிறுவனத்தின் இன்னும் நீளமான எம்கேஎச் 816 மாடலுக்கு 1987-ஆம் ஆண்டுக்கான ஆஸ்கர் தொழில்நுட்ப விருது கிடைத்தது.

பக்கத்துச் சத்தத்தை எப்படிக் குறைக்கிறது?

மைக்கின் குழலில் வரிசையாகச் சின்னச் சின்ன வெட்டுகள் இருக்கும். ஒலியை உணரும் மெல்லிய சவ்வு குழலின் உள்முனையில் இருக்கிறது. நேர் எதிரே இருந்து வரும் ஒலி எந்த வழியாக நுழைந்தாலும் ஒரே நேரத்தில்தான் சவ்வைச் சேரும். பக்கவாட்டிலிருந்து வரும் ஒலி அப்படி இல்லை. ஒவ்வொரு வெட்டு வழியாகவும் நுழைந்து, வெவ்வேறு தூரம் பயணித்து, கொஞ்சம் முன்னே பின்னே வந்து சேரும். அப்போது அலைகள் ஒன்றையொன்று பெருமளவு அழித்துவிடும்.

உறுமி மேளக் குழுவை நினைத்துப் பாருங்கள். எல்லாரும் ஒரே தாளத்தில் அடித்தால் தெரு அதிரும். ஆளுக்கு ஒரு கணம் முந்திப் பிந்தி அடித்தால் தாளமே காணாமல் போகும். பக்கவாட்டு ஒலிக்குக் குழலுக்குள் நடப்பது ஏறக்குறைய இதுதான்.

அப்புறம் லாரிச் சத்தம் மட்டும் ஏன் போகமாட்டேங்குது?

இங்கேதான் குழலின் நீளம் முக்கியம். நம் ஊர் வெப்பநிலையில் 1,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை சுமார் 35 சென்டிமீட்டர் நீளம். 4,000 ஹெர்ட்ஸில் அது 9 சென்டிமீட்டருக்கும் குறைவு. 100 ஹெர்ட்ஸில் மூன்றரை மீட்டர்!

25 சென்டிமீட்டர் குழலால் தன்னைவிடச் சிறிய அலைகளைத்தான் நன்றாக அழிக்க முடியும். மூன்றரை மீட்டர் அலைக்கு அந்தக் குழல் இருப்பதே தெரியாது. அதனால் 'ச', 'ஸ', 'ட' போன்ற கூர்மையான ஒலிகளுக்கு ஷாட்கன் மைக் கறாராகத் திசை பார்க்கும். லாரி இன்ஜின், ரயில் உறுமல், ஏர்கோன் இரைச்சல் போன்ற கனத்த ஒலிகளுக்கு அது சாதாரண திசை மைக் போலத்தான் வேலை செய்யும்.

ஸ்ரீ கெம்பாங்கானில் படம் எடுப்பவர்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும். ஒரு பக்கம் சுங்கை பெசி நெடுஞ்சாலை. இன்னொரு பக்கம் 2023 மார்ச் முதல் ஓடும் எம்ஆர்டி புத்ராஜெயா வழித்தடம். பிரிக்பீல்ட்ஸ் என்றால் கேஎல் சென்ட்ரலைச் சுற்றி ரயில்கள், கிள்ளான் என்றால் துறைமுகத்துக்குப் போகும் கொள்கலன் லாரிகள். எல்லாமே கனத்த ஒலிகள். மைக்கில் இருக்கும் 'லோ கட்' பொத்தானைப் போட்டால் 80 ஹெர்ட்ஸ் போன்ற அடிநிலை உறுமல் ஓரளவு குறையும். அதற்கு மேலே போனால் ஆண்குரலின் கனமும் சேர்ந்து போய்விடும்.

லென்ஸ் மாதிரி ஸூம் செய்யுமா?

செய்யாது. இந்த மைக்கைப் பற்றிய பெரிய தவறான எண்ணம் இதுதான். தூரத்து ஒலியை அது பக்கத்தில் கொண்டுவருவதில்லை. சுற்றியுள்ள சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கிறது, அவ்வளவுதான்.

ஒரு கணக்குப் பாருங்கள். மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரம் இரண்டு மடங்கானால், நேராக வரும் குரல் 6 டெசிபல் குறையும். 50 சென்டிமீட்டரில் இருந்த மைக்கை 2 மீட்டருக்குத் தள்ளினால் 12 டெசிபல் போய்விடும். சுற்றுப்புறச் சத்தமோ கொஞ்சம்கூடக் குறையாது.

எல்லாத் திசையிலும் கேட்கும் ஒரு மைக் 50 சென்டிமீட்டரில் தரும் தெளிவை, 'சூப்பர்கார்டியாய்ட்' வகைத் திசை மைக் சுமார் 95 சென்டிமீட்டரில் தரும். குழல் இருப்பதால் ஷாட்கன் மைக் கூர்மையான ஒலிகளில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் செய்யும். ஆக, லாபம் ஏறக்குறைய இரண்டு மடங்கு தூரம். பத்து மடங்கு இல்லை. இரண்டு மீட்டர் தள்ளி கேமரா மேல் உட்கார்ந்திருக்கும் விலையுயர்ந்த மைக்கைவிட, அரை மீட்டரில் பிடித்த மலிவான மைக் தெளிவாகக் கேட்பதற்குக் காரணம் இதுதான்.

பூம் ஏன் தலைக்கு மேலே வருகிறது?

கேமரா மேல் மாட்டிய மைக்குக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. நடிகருக்குப் பின்னால் சாலை இருந்தால், மைக் அந்தச் சாலையையும் நேராகக் குறி பார்க்கிறது. பூம் கம்பில் மாட்டி, சட்டகத்துக்குச் சற்று மேலே இருந்து சாய்வாகக் கீழே நீட்டினால், குரலைத் தாண்டி மைக் பார்ப்பது தரையை மட்டும்தான். சாலைச் சத்தம் பக்கவாட்டுக்குப் போய்விடும்.

நெற்றிக்கு முன்னால், வாயையும் நெஞ்சையும் நோக்கிப் பிடிப்பது வழக்கம். ஒருவர் பேசி முடித்து மற்றவர் தொடங்கும்போது மைக்கும் திரும்ப வேண்டும். குறி தவறினால் கூர்மையான ஒலிகள்தான் முதலில் போகும். குரல் போர்வைக்குள்ளிருந்து வருவது போல் மந்தமாகிவிடும். அதனால் பூம் பிடிப்பவருக்கும் வசனம் தெரிந்திருக்க வேண்டும். சும்மா நிற்கும் நண்பரிடம் கடைசி நிமிடத்தில் கொடுக்கும் வேலை இல்லை இது.

வீட்டுக்குள்ளே ஏன் எதிரொலிக்கிறது?

நம் தாமான் வீடுகளில் டைல் தரை, வெற்றுச் சுவர். குரல் எல்லாப் பக்கமும் பட்டுத் திரும்பி மைக்கை அடைகிறது. பக்கவாட்டிலிருந்து வரும் அந்த எதிரொலியைக் குழல் சீராகக் குறைப்பதில்லை. சில ஒலிகளை வெட்டும், சிலவற்றை விட்டுவிடும். விளைவு, கிணற்றுக்குள் பேசுவது போன்ற குரல்.

சிறிய அறைகளில் அனுபவசாலிகள் ஷாட்கன் மைக்கை விட்டுவிட்டு, குழல் இல்லாத சிறிய சூப்பர்கார்டியாய்ட் அல்லது ஹைப்பர்கார்டியாய்ட் மைக்கைப் பூமில் மாட்டுவது அதனால்தான். அது கிடைக்காவிட்டால் கேமராவுக்குத் தெரியாத இடத்தில் கம்பளி, மெத்தை, தடித்த திரை வையுங்கள். வித்தியாசம் உடனே கேட்கும். சட்டைக் காலரில் மாட்டும் சின்ன மைக்கும் நல்ல துணை. துணி உரசும் சத்தத்தை மட்டும் கவனிக்க வேண்டும்.

ஈரப்பதமும் காற்றும் என்ன செய்யும்?

கண்டென்சர் மைக்குகளில் ஈரப்பதம் ஏறினால் படபடவென்று பொரிவது போன்ற சத்தம் வரலாம். எம்கேஎச் வரிசை மைக்குகள் உயர் அதிர்வெண் மின்சுற்று முறையில் இயங்குவதால் இதை நன்றாகத் தாங்கும். மழைக்காடுகளில் படம் எடுப்பவர்கள் இவற்றை விரும்ப இதுவும் ஒரு காரணம். எந்த மைக்காக இருந்தாலும், ஏர்கோன் அறையிலிருந்து எடுத்து வந்த உடனே வெளியில் பயன்படுத்தாதீர்கள். கொஞ்ச நேரம் பையிலேயே இருந்து வெளி வெப்பநிலைக்கு வரட்டும். வேலை முடிந்ததும் சிலிக்கா ஜெல் போட்ட பெட்டியில் வையுங்கள்.

ஷாட்கன் மைக்குக்குக் காற்று பெரிய எதிரி. கூடவே வரும் பஞ்சு உறை வெளியிடத்துக்குப் போதாது. 'டெட் கேட்' என்று சொல்லும் ரோம உறையோ, அதற்குள் கூண்டு வைத்த 'பிளிம்ப்' உறையோ வேண்டும்.

டப்பிங் இருக்கே, எதுக்கு இவ்வளவு கஷ்டம்?

நியாயமான கேள்வி. படப்பிடிப்புக் கேமராக்களே பெரும் சத்தம் போட்ட காலத்தில், இந்திய சினிமா டப்பிங்கை முழுமையாக நம்பத் தொடங்கியது. தமிழ் சினிமாவில் அந்தப் பழக்கம் இன்றும் வலுவாக இருக்கிறது. ஆனால் கமல் ஹாசனின் 'விருமாண்டி' 2004-இலேயே நேரடி ஒலிப்பதிவை நாடியது. இயக்குநர் வினோத்ராஜின் 'கொட்டுக்காளி' 2024-இல் பின்னணி இசையே இல்லாமல் வெளிவந்தது. களத்தில் கேட்கும் சத்தங்கள்தான் அதன் இசை.

மலேசியத் தமிழ்ப் படங்களுக்கு இது இன்னும் முக்கியம். நம் பேச்சில் மலாயும் ஹொக்கியனும் ஆங்கிலமும் கலந்திருக்கின்றன. 'லா' எங்கே விழுகிறது என்பதிலேயே பேசுபவரின் மனநிலை தெரியும். சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' 2016 மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியத் திரைப்பட விருதை வென்றது. அந்தத் தலைப்பே 'ஜஹாட்' என்ற மலாய்ச் சொல் நம் வாயில் மாறிய வடிவம். நம் படங்களில் நடிப்பவர்கள் பலர் தொழில்முறை நடிகர்கள் இல்லை. தெருவில் நின்று இயல்பாகப் பேசிய ஒருவரை, மூன்று மாதம் கழித்து கண்ணாடி அறைக்குள் நிறுத்தி அதே மாதிரி பேசச் சொன்னால் பெரும்பாலும் வராது. அந்தக் குரலைக் களத்திலேயே பிடித்தால்தான் உண்டு.

ஷூட்டிங்குக்கு முன் கவனிக்க வேண்டியவை

• படமெடுக்கும் அதே நேரத்தில் இடத்தைப் போய்ப் பாருங்கள். கண்ணை மூடி ஐந்து நிமிடம் கேளுங்கள். ரயில் எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை? பக்கத்தில் பள்ளி, பட்டறை உண்டா?

• தொழுகை அழைப்பு, கோயில் பூஜை நேரங்களைக் குறித்துவைத்து, வசனம் இல்லாத காட்சிகளை அப்போது எடுங்கள்.

• ஏர்கோன், மின்விசிறி, குளிர்பெட்டியை அணைத்துவிடுங்கள். கார் சாவியைக் குளிர்பெட்டிக்குள் வைத்தால், கிளம்பும்போது மறுபடி போட மறக்கமாட்டீர்கள்.

• ஹெட்போன் இல்லாமல் ஒலிப்பதிவு செய்யாதீர்கள். சத்தத்துக்குப் பழகிய காது அதை ஒதுக்கிவிடும், மைக் ஒதுக்காது.

• ஒவ்வோர் இடத்திலும் யாரும் பேசாமல், அசையாமல் ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். எடிட்டிங்கில் இடைவெளிகளை நிரப்ப அது தேவைப்படும்.

• ரயில் குறுக்கிட்ட டேக்கைக் கைவிட வேண்டாம். நடிகர்கள் அங்கேயே இருக்கும்போது, கேமரா இல்லாமல் அந்த வசனத்தை மட்டும் மைக்கை நெருக்கமாக வைத்து ஒருமுறை சொல்ல வைத்துப் பதிவு செய்யுங்கள்.

மைக் வாங்கப் பணம் பத்தவில்லையா? நல்ல ஷாட்கன் மைக்கை நாள் வாடகைக்கு எடுக்கலாம். கையில் இருப்பது ஒரே தொகை என்றால், முதலில் ஒரு பூம் கம்பு, ஒரு ஹெட்போன், கம்பைப் பிடிக்கப் பயிற்சி பெற்ற ஒருவர். அதன் பிறகு மைக்கைப் பற்றி யோசிக்கலாம்.