சிற்றுருவ வண்ணப் பிடி

சிற்றுருவ வண்ணப் பிடி என்பது சிறிய பொம்மை, படைவீரர் உருவம், மாதிரியுரு முதலியவற்றிற்கு வண்ணம் தீட்டும்போது அவற்றைக் கையால் தொடாமல் ஏந்திப் பிடிக்க உதவும் துணைக்கருவி ஆகும். தக்கை, மருந்துப் புட்டி, துணிக் கவ்வி போன்ற எளிய பொருட்கள் முதல் கடைகளில் விற்கப்படும் திருகுப் பிடிகள் வரை இதில் அடங்கும்.

தேவை

போர் விளையாட்டுகளில் பயன்படும் உருவங்கள் பெரும்பாலும் 28 மில்லிமீட்டர் உயர அளவில் அமைகின்றன. 1893 இல் பிரித்தானியாவின் வில்லியம் பிரிட்டன் நிறுவனம் வெளியிடத் தொடங்கிய உள்ளீடற்ற ஈயப் படைவீரர்கள் ஏறத்தாழ 54 மில்லிமீட்டர் உயரம் கொண்டவை. இத்தகைய உருவத்தை விரல்களால் நேரடியாகப் பிடித்தால் மூன்று இடர்ப்பாடுகள் தோன்றுகின்றன.

1. விரலில் உள்ள எண்ணெய்ப் பசையால் வண்ணம் சரியாகப் பற்றுவதில்லை.
2. முன்பு தீட்டிய பகுதி தேய்ந்து அழிகின்றது. முழங்கை, வாள் முனை போன்ற புடைத்த இடங்களில் இது விரைவில் நிகழும்.
3. சிறிய பொருளை இறுக்கிப் பிடிப்பதால் விரல்கள் சோர்ந்து கை நடுங்குகின்றது.

எனவே உருவத்தைப் பிடிக்காமல், அது நிற்கும் அடித்தளத்தைப் பிடிப்பதே எல்லா முறைகளுக்கும் பொதுவான விதியாகும்.

முறைகள்

* புட்டியும் மூடியும்: மருந்துப் புட்டியின் மூடி மீது இருபக்க ஒட்டு நாடாவால் உருவத்தின் அடித்தளத்தை ஒட்டுவது மிக எளிய முறை. புட்டியினுள் சிறிது மணல் இட்டால் கவிழாமல் நிற்கும்.
* தக்கையும் கம்பியும்: அடித்தளம் இல்லாத உருவத்தின் பாதத்தில் கைத்துளைப்பானால் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் துளையிட்டு, கம்பியைச் செருகி, மறுமுனையைத் தக்கையில் குத்துவர். வேலை முடிந்தபின் அதே கம்பி உருவத்தை அடித்தளத்துடன் இணைக்கப் பயன்படும்.
* கவ்வி: கேடயம், தலை போன்ற தனி உறுப்புகளைத் துணிக் கவ்வியாலோ மூங்கில் குச்சியில் பொருத்திய குரோக்கடைல் கிளிப்பாலோ பற்றலாம். குச்சியைத் தெர்மோகோல் துண்டில் குத்தி உலர விடலாம்.
* நீள்கட்டை: பல உருவங்களுக்கு ஒரே நேரத்தில் அடிப்பூச்சு தெளிக்க, அவற்றை ஒரு மரக் கட்டையின் மீது வரிசையாக ஒட்டுவர்.
* திருகுப் பிடி: இதன் தாடைகள் அடித்தளத்தை இரு பக்கமும் நெருக்கிப் பிடிக்கின்றன.

பிடியை ஏந்திய கையின் மணிக்கட்டும் தூரிகை ஏந்திய கையின் மணிக்கட்டும் ஒன்றையொன்று தொட்டிருக்க, இரு முழங்கைகளையும் மேசையில் ஊன்ற வேண்டும். அப்போது இரு கைகளும் சேர்ந்தே அசைவதால் கோடு பிசகுவது குறையும். தூரிகையை வளைப்பதைவிடப் பிடியைச் சுழற்றுவது எளிது.

தமிழகப் பொம்மைகள்

கொலுப் பொம்மைகளுள் உள்ளீடற்று அடிப்பகுதி திறந்திருப்பவற்றில் குச்சியைச் செருகியே பிடிக்கலாம். தஞ்சாவூர்ச் சாய்ந்தாடும் பொம்மையின் அடி உருண்டையாகவும் கனமாகவும் இருப்பதால் அது மேசையில் நிலைத்து நிற்காது. பானைக்கு வைக்கும் புரிமணை போன்ற வளையத்தில் இருத்தினால் அசையாது. அம்பாசமுத்திரத்து மரச் சொப்புகளில் கடசல் இயந்திரமே பிடியாக அமைகின்றது. சுழலும் மரத்தின் மீது வண்ண அரக்கை அழுத்தும்போது உராய்வு வெப்பத்தால் அரக்கு உருகிப் படிகின்றது. இங்குத் தூரிகை தேவையில்லை. தெய்வ உருவங்களுக்குக் கண் திறப்பதை இறுதியில் செய்வது மரபு. மிக நுண்ணிய அவ்வேலையின்போது உடலின் மற்ற பகுதிகள் உலர்ந்திருப்பது பிடிப்பதற்கும் வசதியாகும்.

காலநிலை

நீர்சார்ந்த அக்ரிலிக் வண்ணம் நீர் ஆவியாவதால் உலர்கின்றது. கோத்தகிரிக்கு அருகிலுள்ள கட்டபெட்டு போன்ற நீலகிரி மலையூர்களில் மழை, மூடுபனிக் காலங்களில் காற்று ஈரமாகவும் குளிராகவும் இருப்பதால் உலர்தல் தாமதமாகும். சமவெளியில் சில நிமிடங்களில் தொடக்கூடிய பூச்சு இங்கு நெடுநேரம் ஈரமாக இருக்கக்கூடும். நவராத்திரிக்கு முன் பழைய கொலுப் பொம்மைகளைப் புதுப்பிப்போர், உருவத்தைப் பிடியிலேயே விட்டு உலர வைப்பது நல்லது. காகிதக்கூழ்ப் பொம்மைகள் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையவை. ஆகவே அவற்றை நன்கு உலர்த்திய பின்னரே தீட்ட வேண்டும்.

பாதுகாப்பு

பழைய உலோக உருவங்களில் ஈயம் இருக்கலாம். அவற்றை அரம் கொண்டு தேய்த்த பின்னும் துளையிட்ட பின்னும் கைகளைச் சோப்பால் கழுவ வேண்டும். பழைய பொம்மைகளின் வண்ணப் பூச்சிலும் ஈயம் இருக்கக்கூடும். இந்தியாவில் வீட்டு உபயோக, அலங்கார வண்ணங்களில் ஈய அளவைப் பத்து இலட்சத்தில் 90 பங்காக வரையறுக்கும் விதிகள் 2016 இல் வெளியிடப்பட்டு 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தன. எனவே பழைய பூச்சை உலர்நிலையில் சுரண்டித் தூசி எழுப்பக் கூடாது. குழந்தைகள் வாயில் வைக்கக்கூடிய பொம்மைகளில் இது மிகவும் இன்றியமையாதது. தூரிகை முனையை உதட்டில் வைத்துக் கூராக்கும் பழக்கத்தையும் தவிர்க்க வேண்டும்.

இவற்றையும் பார்க்கவும்

* கொலு
* தஞ்சாவூர் தலையாட்டிப் பொம்மை
* சென்னபட்டணம் பொம்மைகள்